ஒரே மழையில் எல்லாம் போனால்? வலைப்பூ, இணையதளத்தை பேக்கப் எடுப்பது எப்படி: மூணாறு சொல்லித்தரும் பாடம்

1924 ஜூலை வரை மூணாறில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. குண்டளா பள்ளத்தாக்கு ரயில்வே என்று பெயர். மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பெட்டி, குண்டளா வழியாக டாப் ஸ்டேஷன் போகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடி துறைமுகம் சேரும். மேற்கே போக இன்னொரு வழியும் இருந்தது: மாங்குளம், பூயம்குட்டி, குட்டம்புழா வழியாக ஆலுவா போகும் பழைய சாலை.

அந்த ஜூலையில் கொட்டிய மழையை கேரளத்தில் இன்றும் '99 வெள்ளம்' என்கிறார்கள். மலையாள ஆண்டு 1099 என்பதால் அந்தப் பெயர். ரயில் பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதை மறுபடி போடவே இல்லை. கரிந்திரி மலை சரிந்ததில் ஆலுவா சாலையும் அழிந்தது. பிறகுதான் வேறு வழியாகப் புதிய சாலை அமைத்தார்கள். அந்தச் சாலையில் உள்ள நேரியமங்கலம் பாலம் 1935-ல் திறக்கப்பட்டது.

மூணாறுக்கு இரண்டு வழி இருந்தது. இரண்டும் ஒரே மழையில் போனது.

சரி, இதுக்கும் நம்ம வலைப்பூவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். லேப்டாப்பில் ஒரு காப்பி, பக்கத்து அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி என்று வைத்துக்கொண்டு 'என்கிட்ட பேக்கப் இருக்கு' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நம்மில் நிறைய பேர். அந்த இரண்டு காப்பியும் மூணாறின் அந்த இரண்டு பாதைகள் மாதிரிதான். எத்தனை காப்பி இருக்கிறது என்று எண்ணிவிட்டு நிறுத்தக் கூடாது. ஒரே மழையில் போகாத காப்பி எத்தனை என்றும் எண்ண வேண்டும்.

சான்றிதழ் போனால் திரும்ப வாங்கலாம், கட்டுரை போனால்?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பாலக்காடு மாவட்டம் நெல்லியாம்பதிக்குப் போகும் மலைச்சாலை பல இடங்களில் சரிந்தது. எஸ்டேட்டில் இருந்தவர்கள் பல நாள் வெளித்தொடர்பு இல்லாமல் தவித்தார்கள். அதே வெள்ளத்தில் மூணாறும் துண்டிக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். தகவல் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்ததால் விஷயம் வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

உயிர் போன இடத்தில் காகிதத்தைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து, பிழைத்தவர்களிடம் எல்லா அலுவலகமும் கேட்பது காகிதத்தைத்தான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு 'சான்றிதழ் அதாலத்' முகாம்கள் நடத்தி, தொலைந்த ஆவணங்களைத் திரும்பக் கொடுத்தது. அது எப்படி முடிந்தது? ரேஷன் கார்டு வீட்டில் நனைந்து போனாலும் சப்ளை ஆபீஸில் பதிவு இருந்தது. பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் போனாலும் தேர்வுத் துறையிடம் பதிவேடு இருந்தது. அதாவது, இன்னொரு இடத்தில் இன்னொரு பிரதி.

நீங்கள் எழுதியதற்கு அப்படி ஒரு அலுவலகம் கிடையாது. லயத்து வாழ்க்கையைப் பற்றி தேவிகுளத்திலிருந்து ஒருவர் எழுதும் வலைப்பூ, கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர்கள் நடத்தும் இணையதளம், பாட்டி பாடிய பாட்டைப் பதிவு செய்து போட்ட பக்கம்: இவற்றுக்கெல்லாம் வேறு எங்கும் பதிவேடு இல்லை. போனால் போனதுதான்.

தகவல் எப்படியெல்லாம் தொலைகிறது?

'இன்டர்நெட்ல போட்டா அழியாது' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நடந்தவை வேறு மாதிரி.

*இடமே எரிந்து போகலாம்.* 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. லட்சக்கணக்கான இணையதளங்கள் முடங்கின. பேக்கப் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்திருக்கிறது. வழக்கு நீதிமன்றம் போய், 2023-ல் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவானது. இழப்பீட்டால் டேட்டா திரும்பி வராது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' முழுவதும் போனது. 858 டெராபைட். வெளியே பேக்கப் இல்லை.

*நிறுவனம் கடையை மூடலாம்.* ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. ஆர்குட் 2014-ல், கூகுள் பிளஸ் 2019-ல், யாஹூ குரூப்ஸ் 2020-ல். மூடும் முன் 'தரவிறக்கிக்கொள்ளுங்கள்' என்று மெயில் வந்திருக்கும். பல பேர் அந்த மெயில் ஐடியையே அப்போது பார்ப்பதில்லை.

*தவறுதலாக அழிந்து போகலாம்.* 2019-ல் மைஸ்பேஸ் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சர்வர் மாற்றும்போது, 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாட்டு, போட்டோ, வீடியோ எல்லாம் போய்விட்டிருக்கலாம். அது ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய சமூக வலைதளம்.

*புதுப்பிக்க மறந்து போகலாம்.* இது என் கதை. படிக்கும் காலத்தில் சொந்தமாக டொமைன் வாங்கி ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் கல்லூரி மெயில் ஐடிக்குப் போயிருக்கின்றன. படிப்பு முடிந்ததும் அந்த ஐடியை நான் திறக்கவே இல்லை. நாலு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் என் பெயரில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. எழுத்தில் பாதியை இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து மீட்டேன். படங்கள் ஒன்றுகூட வரவில்லை. தப்பு யாருடையது என்று கேட்டால், என்னுடையதுதான்.

டாட் காம் போன்ற டொமைன்களுக்குக் காலாவதி ஆனவுடன் சில நாள் முதல் 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்கும் சலுகைக் காலம் இருக்கும். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன் பிறகு 30 நாள், கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதற்கும் பிறகு 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

3-2-1 விதி என்றால் என்ன?

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பது பற்றிய தன் புத்தகத்தில் பிரபலப்படுத்திய கணக்கு இது. இப்போது ஐ.டி. துறை முழுவதும் இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறது.

- 3: மொத்தம் மூன்று பிரதிகள் (அசல் ஒன்று, நகல் இரண்டு).
- 2: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் (உதாரணமாக ஹார்டு டிஸ்க், கிளவுட்).
- 1: குறைந்தது ஒன்றாவது வேறு ஊரில்.

நம்ம பகுதிக்கு இதை மாற்றிச் சொன்னால்: இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தளம் அசல். மூணாறு வீட்டில் இருக்கும் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் இரண்டாவது. போடியில் இருக்கும் சித்தி வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க், அல்லது வேறு நிறுவனத்தின் கிளவுட் கணக்கு, மூன்றாவது. கடைசி இரண்டில் எது முடியுமோ அது. இரண்டும் முடிந்தால் இன்னும் நல்லது.

எல்லையில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வேலை இடுக்கியில், உறவு தேனியில். வீடு சித்தூரில், ஆபீஸ் கோயம்புத்தூரில் என்றுதான் பலருக்கும் வாழ்க்கை ஓடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும்போது, அந்தப் பக்கம் வெறும் சாரல்தான் இருக்கும். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ போகும்போது டிஸ்க்கையும் கையோடு எடுத்துப் போனால் போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கூகுள் டிரைவ் போன்றவற்றில் லேப்டாப் ஃபோல்டரை 'சிங்க்' செய்து வைப்பது முழுமையான பேக்கப் ஆகாது. இங்கே தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில நாள் இருக்கும், அவ்வளவுதான். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்தான் மேலேயும் போகும். அதனால் தேதி போட்ட தனி நகல் வேண்டும்.

நம்ம நெட் ஸ்பீடுக்கு இது சரிவருமா?

எஸ்டேட் பக்கம் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை.

யூனிகோடில் (யூடிஎஃப்-8) ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் இடம் தேவை. 'கி' என்பது 'க'வும் கொக்கியும் சேர்ந்தது என்பதால் அதற்கு 6 பைட். 1,000 வார்த்தைக் கட்டுரை ஒன்று சுமார் 25 கிலோபைட் வரும். 500 கட்டுரை எழுதியிருந்தால் 12.5 மெகாபைட். எச்டிஎம்எல் குறிகள், பின்னூட்டங்கள் எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு என்று வைத்தாலும் 25 மெகாபைட்தான். போனில் எடுக்கும் ஒரு நிமிட ஹெச்டி வீடியோவே இதைவிடப் பெரிது.

ஆக, பத்து வருட எழுத்து ஒரே மெயிலில் இணைப்பாகப் போகும் அளவுதான் பெரும்பாலும். இடத்தை அடைப்பது படங்களும் வீடியோவும். அவற்றை ஹார்டு டிஸ்க்கில் கையால் கொண்டு போங்கள். எழுத்தை மட்டும் மாதாமாதம் கிளவுடில் ஏற்றுங்கள்.

பிளாக்கரில் எப்படி எடுப்பது?

1. பிளாக்கரில் நுழைந்து 'செட்டிங்ஸ்' பகுதிக்குப் போங்கள். 'மேனேஜ் பிளாக்' என்ற தலைப்பின் கீழ் 'பேக் அப் கன்டென்ட்' இருக்கும். இதில் பதிவுகள், பக்கங்கள், பின்னூட்டங்கள் வரும்.
2. தளத்தின் தோற்றம் இதில் வராது. 'தீம்' பகுதிக்குப் போய் அதைத் தனியாக பேக்கப் எடுக்க வேண்டும்.
3. படங்களைத் தனியாகச் சரிபாருங்கள். 'கூகுள் டேக்அவுட்' சேவையில் உங்கள் கணக்கின் மொத்தத் தகவலையும் தேர்ந்தெடுத்து இறக்கலாம். தயாரானதும் லிங்க் மெயிலில் வரும். சில நாளில் காலாவதி ஆகிவிடும் என்பதால் உடனே இறக்கிவிடுங்கள்.

வேர்டுபிரஸில் எப்படி?

'டூல்ஸ்' பகுதியில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் கிடைக்கும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஃபைலில் எழுத்து இருக்கும், படம் இருக்கும் முகவரி இருக்கும், படம் இருக்காது. தளம் போன பிறகு அந்த முகவரியை வைத்துக்கொண்டு எதுவும் பண்ண முடியாது.

சொந்த ஹோஸ்டிங்கில் வேர்டுபிரஸ் வைத்திருந்தால் முக்கியமாக இரண்டை எடுக்க வேண்டும்: ஒன்று டேட்டாபேஸ் (எழுத்து, பின்னூட்டம், அமைப்புகள்), இன்னொன்று 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டர் (படங்கள், தீம், பிளக்இன்). கூடவே 'டபிள்யூபி-கான்ஃபிக்' ஃபைலும். அதில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருப்பதால் பத்திரமாக வையுங்கள். அப்டிராஃப்ட்பிளஸ் மாதிரி ஒரு பிளக்இன் போட்டால், வாராவாரம் தானாகவே எடுத்து கூகுள் டிரைவ் போன்ற வேறு இடத்துக்கு அனுப்பிவிடும். நகலை அதே சர்வரிலேயே சேமிக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

ஹோஸ்டிங் நிறுவனமே தினமும் பேக்கப் எடுக்கிறதாமே? எடுக்கலாம். அது எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், கணக்கு முடங்கினால் உங்கள் கைக்கு வருமா என்ற மூன்று கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கு மட்டும் உள்ள சிக்கல்

ஃபைல் பத்திரமாக இருந்தும் எழுத்து தொலைந்து போகலாம். யூனிகோடு பரவலாகும் முன் டிஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு முறையில் தமிழ்த் தளங்கள் இருந்தன. அந்தக் காலத்து ஃபைலை இன்று திறந்தால் ஏதோ கிறுக்கல் மாதிரி தெரியும். உங்களிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ அப்படிப் பழைய சிடி இருந்தால், இப்போதே யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வேர்டுபிரஸ் டேட்டாபேஸை இறக்கும்போதும் யூடிஎஃப்-8 வடிவமா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்ப ஏற்றும்போது மொத்தத் தமிழும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். ஆங்கிலத் தளக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை அவ்வளவாகத் தெரியவே தெரியாது.

எடுத்த பேக்கப் வேலை செய்யுமா?

2017 ஜனவரி 31. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. சரி, பேக்கப் இருக்கே என்று போய்ப் பார்த்தால், வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப், மென்பொருள் பதிப்பு பொருந்தாததால், பல நாளாகவே தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டது' என்று எச்சரிக்கும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு வேறு ஒரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தகவல் போனது போனதுதான். இதையெல்லாம் கிட்லேப் மறைக்காமல் வெளியில் சொன்னது.

மென்பொருள் கம்பெனிக்கே இந்த நிலைமை. அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது சோதித்துப் பாருங்கள். பிளாக்கரில் யாருக்கும் தெரியாத புதிய தளம் ஒன்றைத் திறந்து, எடுத்த ஃபைலை அதில் ஏற்றுங்கள். மூன்று பழைய பதிவுகளைத் திறந்து, எழுத்து சரியாக வருகிறதா, படம் வருகிறதா, பின்னூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை.

மற்றவர்கள் கையிலும் ஒரு பிரதி

'வேபேக் மெஷின்' என்ற இணைய ஆவணக் காப்பகத்தில், உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து நீங்களே சேமிக்கச் சொல்லலாம். இலவசம். ஆனால் எல்லாப் படமும் வரும் என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் சைபர் தாக்குதலால் அதுவே சில நாள் முடங்கிக் கிடந்தது. கடைசிக் கைப்பிடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி, எழுத்தைப் பொது உரிமத்தில் விடுவது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டம் 2013 முதல், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தமிழ் மின்னூல்களை இலவசமாக வெளியிடுகிறது. வலைப்பூவில் எழுதியவையே அதில் பல நூல்களாக வந்திருக்கின்றன. வலைப்பூ மூடப்பட்டாலும், தரவிறக்கியவர்களின் போனிலும் கணினியிலும் அந்த எழுத்து இருக்கும்.

ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் கசப்பாகவே கற்றிருக்கிறோம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. 2005-ல் தொடங்கிய நூலகம் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி இணையத்தில் ஏற்றிவருகிறது. கிடைத்ததைத்தான் ஏற்ற முடியும்.

சாவி யாரிடம்?

வலைப்பூவை எழுதியவர் இறந்துவிட்டால், பல குடும்பங்களுக்கு அதன் பாஸ்வேர்டு தெரிவதில்லை. 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது கூகுளின் விதி. 2023 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது. கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் குறிப்பிட்ட காலம் கணக்கைத் தொடவில்லை என்றால், தகவல் யாருக்குப் போக வேண்டும் என்று 10 பேர் வரை சொல்லி வைக்கலாம். அப்பா எழுதுகிறார் என்றால், அவருடன் உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

- தளத்தின் எழுத்து, படம், தீம் மூன்றையும் இறக்கி, ஃபோல்டருக்குத் தேதியைப் பெயராக வையுங்கள்.
- ஒரு நகல் வீட்டில், ஒன்று கிளவுடில். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று மலைக்கு அந்தப் பக்கம்.
- டொமைன் கணக்கில் இருப்பது நீங்கள் தினமும் பார்க்கும் மெயில் ஐடிதானா என்று பாருங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.
- காலண்டரில் இரண்டு தேதி குறித்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டித் தொடங்கும்; மே கடைசி வாரம் ஒரு முழு பேக்கப். அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் இன்னொன்று. அந்த நாளிலேயே பழைய நகலைத் திறந்து சோதித்தும் விடலாம்.

மே மாதம் வீட்டு ஓட்டையும் ஓடையையும் சரி பார்ப்போம் இல்லையா? அந்தப் பட்டியலில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.